ஹார்லியில் கேக் எங்கே உட்காரும்?

பெயரைச் சொல்ல மாட்டேன். உன் வயதுக்கு நான் கொடுக்கும் மரியாதை அது ஒன்றுதான். ஆனால் குற்றவாளி நீதான். கார்தெனாஸ் ஊரில் இத்தனை பேருக்குப் பெண்டாட்டி இருக்க, என் பெண்டாட்டியைத் தேடிப் பிடித்து உதைக்கக் கற்றுக்கொடுத்தாயே, நீ நன்றாக இருப்பாயா?

நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். படிக்கிறவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

என் பெயர் நிகானோர். பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷம் படித்தேன். மீதியைத் தெருவில் அடிவாங்கிப் படித்தேன். தொழில், பண்டமாற்று. எங்கள் ஊரில் கடைக்குப் போய்க் கேட்டால் ஒன்றும் இருக்காது. மாற்றினால் எல்லாம் கிடைக்கும். பதினோரு வயதில் ஒரு சைக்கிள் டியூபில் தொடங்கினேன். டியூபைக் கொடுத்துக் கோழி, கோழியைக் கொடுத்து ரேடியோ, ரேடியோவைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டி. இப்படியே போய், இன்று நான் குடியிருக்கும் வீடு எட்டாவது மாற்று. பேரத்தின் நடுவில் எனக்குக் கோபம் வந்தால் எதிராளி மிரண்டுபோய் இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுத்துவிடுவான். கோபம்தான் என் முதலீடு. அது செல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. என் வீட்டுச் சமையலறை.

அங்கே என் மனைவி மிக்தாலியாவின் ஆட்சி. கேக் செய்கிறவள். பதினைந்து வயது நிறையும் பெண்களின் விழாவுக்கு மூன்றடுக்கு, கல்யாணத்துக்கு ஐந்தடுக்கு. மேலே முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த நுரை. அந்த நுரையில் ஒரு நீலம் கலப்பாள், கடலுக்கே பொறாமை வரும் நீலம். எப்படிக் கலக்கிறாள் என்று எனக்கே சொன்னதில்லை. ஊரில் வேறு யாருக்கும் அந்த நீலம் வந்ததும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

கேக்கை வீடுகளுக்குக் கொண்டுபோவது எங்கள் ரஷ்யன். சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள். அவள் அப்பா மாகாணத்திலேயே அதிகமாகக் கரும்பு வெட்டியதற்காகக் கிடைத்த பரிசு. அவருக்குப் பிறகு அவள் பேருக்கு வந்தது. நான் ஓட்டுவேன். கேக் சைடுகாரில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வரும். மிக்தாலியா எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளில் ஒரு விரலை வைத்திருப்பாள். பள்ளம் வந்தால் விரல் அழுத்தும். பதினெட்டு வருஷமாக என் பிரேக் அதுதான்.

ரஷ்யனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எருமை ஜாதி. எதை ஊற்றினாலும் குடிக்கும், எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும், சாவே கிடையாது. ஆனால் பார்த்தால் மனசுக்குள் ஒன்றும் ஆகாது. எருமையைப் பார்த்து யார் பெருமூச்சு விடுகிறார்கள்? பக்கத்து வீட்டு ஒனேலியோவிடம் ஒரு செக் நாட்டு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அது வேறு சுபாவம். சிவப்பு, மினுக்கு, வாயாடி. அது தெருமுனையில் திரும்பும்போதே எல்லா வீட்டுக்கும் சேதி வந்துவிடும். போன பிறகும் புகை மட்டும் கால் மணி நேரம் நின்று வம்பு பேசும்.

ஆனால் ஹார்லி.

இந்த இடத்தில் நான் தொப்பியைக் கழற்றிக்கொள்கிறேன்.

மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எவேலியோ பெரியவருக்கு எண்பத்தொரு வயது. அவரிடம் இருந்தது 1946ஆம் வருஷத்து அமெரிக்க மோட்டார் சைக்கிள், ஹார்லி. கியர் பெட்ரோல் டாங்கின் பக்கத்தில், கையால் போட வேண்டும். கிளட்ச் காலில். சீட்டு ஒரே ஆளுக்கு. ராஜாவுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார முடியுமா? அதன் சத்தத்தைச் சத்தம் என்று சொன்னால் பாவம். தொம்… தக்க தொம்… தொம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மௌனம் வரும். நின்றுவிட்டது என்று நினைப்பீர்கள். நிற்காது. யோசித்து, நிதானமாக, அடுத்த அடியை வைக்கும். அது தெருவில் வந்தால் டொமினோ ஆடுகிறவர்கள் கையில் கட்டையோடு அப்படியே நிற்பார்கள். குதிரை வண்டிக் குதிரைகள் காதை நிமிர்த்தும். நான் முதன்முதலில் கேட்டது ஏழு வயதில். அன்று நெஞ்சுக்குள் ஏறியது இன்னும் இறங்கவில்லை.

அமெரிக்கா எங்கள் தீவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டதால், அந்த வண்டிக்கு அங்கிருந்து பாகம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பிஸ்டன் ஒரு லாரியுடையது, தேய்த்துத் தேய்த்துச் சிறிதாக்கியது. செயின், பாட்டில் ஆலையில் பாட்டில்களை நகர்த்திய சங்கிலி. ஒரு வாஷர் பிரஷர் குக்கரிலிருந்து வந்தது. பாதி நாடே அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆனால் குரல் மட்டும் 1946.

போன வருஷம் பெரியவர் நாற்காலியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுபது வருஷம் ஹார்லியிலிருந்து விழாதவர், நாற்காலியிலிருந்து விழுந்தார். அதற்கு மேல் வண்டியை உதைத்துக் கிளப்ப முடியவில்லை. மாற்றப் போகிறார் என்று சேதி வந்தது. நான் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடினேன்.

“என்ன வேணும் பெரியவரே? சொல்லுங்க. சந்திரன் வேணுமா?”

“சந்திரன வச்சு என்னடா தம்பி செய்ய? உக்காந்த எடத்துல கரும்புச் சாறு பிழிஞ்சு விக்கலாம்னு இருக்கேன். செக்க ஓட்ட ஒரு என்ஜின் வேணும். சாகாத என்ஜின்.”

சாகாத என்ஜின்! என் எருமை!

அப்புறம் நடந்தது வெட்கக்கேடு. முப்பது வருஷத் தொழிலில், எதிராளி கேட்காமலே நான் சேர்த்துக் கொடுத்தது அன்று ஒரு நாள்தான். ரஷ்யன் முழுசாக என்றேன். பெரியவர் பேசாமல் இருந்தார். சைடுகாரோடு என்றேன். பேசவில்லை. புது டயர் இரண்டு என்றேன். அவர் இருமினார். பயந்துபோய்ப் பன்றிக்குட்டி ஒன்று என்றேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு நிஜமாகவே இருமல்.

“சரி தம்பி. ஆனா எங்க வழக்கம் தெரியும்ல? ஜூன் மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை, ஹார்லிக்காரங்க எல்லாரும் கடற்கரையில கூடுவோம். மாத்துச் சீட்டுல யார் பேரோ அவங்க எல்லார் முன்னாலயும் நின்னு உதைக்கணும். மூணு உதை. மூணுக்குள்ள வண்டி பிடிச்சா அவங்களுது. பிடிக்கலேன்னா மாத்து கிடையாது.”

“அது ஏன் மூணு?”

“மூணு தடவ கேட்டும் ஒரு பொம்பள பதில் சொல்லலேன்னா, அப்புறமும் அங்கயே நிப்பியா? இன்னும் ஆறு வாரம் இருக்கு. செவ்வாய், வியாழன்ல வா, பழகிக்க.”

“எனக்கா? உதைக்கப் பழகணுமா?” என்று சிரித்தேன். கால் இருக்கிறது. கோபம் இருக்கிறது. உதைக்க வேறு என்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். ரஷ்யன் மிக்தாலியாவின் பேரில் இருந்தது. அவள் கையெழுத்து வேண்டும்.

அன்று சாயங்காலமே சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்தேன். உள்ளே போகவில்லை. பேரத்தில் எப்போதும் ஓடுவதற்கு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

“மிக்தா, ஹார்லிக்கும் ரஷ்யனுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா?”

“தெரியும். ஒண்ணு நம்மளுது.”

“அப்படி இல்ல. ரஷ்யன் ஒரு வண்டி. ஹார்லி ஒரு ஆளு. அதுக்கு மனசு இருக்கு, மதிப்பு இருக்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நடந்து போற பெரிய மனுஷன் மாதிரி.”

“கேக் எங்க உக்காரும்?”

“கேக்க விடு. அந்தச் சத்தத்தக் கேட்டா நெஞ்சுக்குள்ள…”

“அஞ்சடுக்குக் கேக் உன் நெஞ்சுக்குள்ள உக்காருமா?”

“டாங்கு மேல ஒரு பலகை வச்சு…”

“என் ராசா.”

பேச்சை நிறுத்திவிட்டேன். மிக்தாலியா என்னைக் கழுதை என்றால் பயமில்லை. அன்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். ‘என் ராசா’ என்று சொன்னால் அடுத்த நிமிஷம் எது பறந்து வரும் என்று சொல்ல முடியாது.

“என் ராசா, அது எங்க அப்பா முதுகு ஒடியக் கரும்பு வெட்டி வாங்கின வண்டி. அதுல ஒக்காந்துதான் இந்த வீட்டுக்கு அரிசி வருது. நீ பெருமூச்சு விடுறதுக்காகக் கேக்கத் தலையில தூக்கிட்டுப் போகச் சொல்றியா?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொன்னால் பேரத்தில் தோற்றுவிடுவோம். ஆகவே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். கேட்டால்தானே கேள்வி வரும்? கேட்காமலே கையெழுத்து வாங்கிவிடுவது.

முட்டை நுரை அடிக்கும்போது மிக்தாலியா நிறுத்த மாட்டாள். ஒரு விநாடி நிறுத்தினால் நுரை உட்கார்ந்துவிடும். வீட்டுக்கே தீப்பிடித்தாலும், நுரை நின்ற பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். கேக் சொல்ல வருகிறவர்களின் சீட்டுகளில் அந்த நேரத்தில்தான் இடது கையால் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள். நான் மாற்றுச் சீட்டைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். கொடுக்கிற வண்டி: ரஷ்யன், சைடுகாரோடு. பெறுகிற வண்டி: ஹார்லி. பெறுகிறவர் பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். அதில் என் பெயரை, வாழ்க்கையில் முதன்முறையாக, நல்ல பேனாவில், நானே எழுத வேண்டும் என்று ஆசை.

சனிக்கிழமை காலை. அவள் நுரை அடித்துக்கொண்டிருந்தாள். கேக் சீட்டுகளுக்கு நடுவில் என் சீட்டைச் சொருகி, மேஜையில் வைத்துவிட்டு, பின்கட்டில் பன்றிக்குட்டியோடு போய் நின்றுகொண்டேன். பன்றிக்குட்டியிடம் விடைபெற்றுக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

“ஏய், இதெல்லாம் எடுத்துட்டுப் போ!” என்று குரல் வந்தது.

போனேன். என் சீட்டு நான்காக மடித்து, ஓரமெல்லாம் சர்க்கரை நுரை பட்டு ஒட்டிப்போய் இருந்தது. கீழே வழிந்த நீலத்தில் அவள் கையெழுத்தின் வால் மட்டும் தெரிந்தது. போதும்! பிரித்தால் கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் பிரிக்கவே இல்லை. அப்படியே கொண்டுபோய் எவேலியோ பெரியவரிடம் கொடுத்தேன். என் பெயரைச் சபையிலேயே எல்லார் முன்னாலும் எழுதிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் திட்டம். பெரியவர் சீட்டை முகர்ந்து பார்த்தார். “வெனிலா,” என்றார். மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த ஆறு வாரம் நான் மிதந்துகொண்டிருந்தேன். மிதக்கிறவனுக்குத் தரையில் நடப்பது தெரியாது. நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குப் புரியும், எனக்குப் புரியவில்லை.

ஒன்று, மிக்தாலியா செவ்வாயும் வியாழனும் சர்க்கரை வரிசையில் நிற்கப் போனாள். மூன்று மணி நேரம் கழித்து வருவாள். சர்க்கரை வராது.

அப்புறம் அவள் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய காயம்.

“என்னடி இது?”

“வரிசையில ஒருத்தன் இடிச்சிட்டான்.”

“யாரு? சொல்லு, போய் ஒரு உதை விடுறேன்.”

“உன்னால முடியாது, விடு,” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

அப்புறம் எங்கள் இரும்புக் கட்டில். ஒரு நாள் மத்தியானம் படுத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. குனிந்து பார்த்தால் கால்மாட்டில் இரண்டு கால்களையும் காணோம். செங்கல் வைத்திருந்தது.

“கட்டில் காலு எங்க?”

“துருப்பிடிச்சிருச்சு, தூக்கிப் போட்டேன். செங்கல் மேல படுத்தா முதுகுக்கு நல்லதாம்.”

நான் யார்? ஒரு வாஷரைப் பார்த்தால் எந்த வண்டியில் எத்தனை வருஷம் இருந்தது என்று சொல்லிவிடுவேன். கட்டிலின் கால் போனபோது, துருவே இல்லாத நல்ல இரும்பு அது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஹார்லி கண்ணை மறைத்தது. முதுகுக்கு நல்லது என்று நம்பிப் படுத்தேன்.

ஜூன் மூன்றாவது ஞாயிறு வந்தது.

கடற்கரையில் பாதாம் மரத்துக்குக் கீழே பதினான்கு ஹார்லிகள். ஒவ்வொன்றும் ஒரு குணம். 1937, மெலிந்து, நரம்பு தெரிகிற குத்துச்சண்டைக்காரன். 1950, கொஞ்சம் தொப்பை, எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுக்கிற தாராளம். ஒன்று முனகியது, ஒன்று அதட்டியது. நடுவில் எவேலியோவின் 1946, பேசாமல் நின்றது. பேசாமல் நிற்பதிலேயே மற்றது எல்லாம் அடங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அழவில்லை. கடற்காற்று.

எவேலியோ பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் சீட்டு, இன்னும் ஒட்டியபடி. அவர் அதைப் பிரிக்க ஆரம்பிக்கும் முன்பே நான் வண்டி மேல் ஏறிவிட்டேன்.

“தம்பி, சீட்டப் படிச்சிட்டு…”

“அப்புறம் படிங்க பெரியவரே!”

“சரி. ஆசைக்கு உதை.”

முதல் உதை. என் முழு பலம். ஹார்லி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது. முழு பலத்தோடு கோபத்தையும் சேர்த்தேன். ஹார்லி ஒரு தடவை இருமியது, எவேலியோவைப் போலவே.

மூன்றாவது உதையில் முப்பது வருஷத்தின் எல்லாப் பேரங்களும் இருந்தன. இந்தத் தடவை ஹார்லி பதில் சொன்னது. திருப்பி உதைத்தது. தப்பு அதன் மேல் இல்லை. எந்த நேரத்தில் பொறி விழ வேண்டும் என்று கைப்பிடியைத் திருப்பிச் சொல்லாமல், வெறும் காலை மட்டும் நம்பி உதைக்கிறவனை அது வேறு என்ன செய்யும்? நான் பறந்தேன். பாதாம் மரம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பதினான்கு ஹார்லிக்காரர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். சாவு வீட்டில் கழற்றுவது போல.

“முடிஞ்சுதா?” என்றேன் தரையிலிருந்து. மாற்று போய்விட்டது. ஏழு வயதிலிருந்து நெஞ்சுக்குள் தொம் தொம் என்று அடித்தது போய்விட்டது.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே தம்பி,” என்றார் எவேலியோ. சீட்டைப் பிரித்து உயர்த்திக் காட்டினார். “இதுல உன் பேரு இல்ல.”

நான் காலியாக விட்டிருந்த இடத்தில், கேக்கின் மேல் பெயர் எழுதுகிற அதே சுருள் எழுத்தில், அதே நீலத்தில், ஓரத்தில் ஒரு சின்னப் பூவோடு எழுதியிருந்தது: மிக்தாலியா.

அவள் பக்கத்து வீட்டு ஒனேலியோவின் பின்னாலிருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடைக்குக் கீழே என் பழைய பூட்ஸ். என்னைப் பார்க்கவில்லை. வண்டியிடம் போனாள். இடது கைப்பிடியை மெதுவாகத் திருப்பினாள். சாவி போடாமல் இரண்டு முறை காலால் அழுத்தினாள். உதைக்கவில்லை, மாவின் பதம் பார்ப்பது போல அழுத்தினாள். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். எதற்கோ காத்திருந்தாள். எனக்கு அந்த முகம் தெரியும். நுரை நிற்கப்போகும் அந்த ஒரு விநாடிக்காகக் கிண்ணத்தின் மேல் குனிந்து நிற்கிற முகம். பதினெட்டு வருஷமாகப் பார்த்த முகம். அது இவ்வளவு பெரிய முகம் என்று எனக்குத் தெரியாது.

சாவியைப் போட்டாள். ஒரே உதை.

தொம்… தக்க தொம்… தொம்.

பாதாம் மரத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கடல்கூட ஒரு அலையைத் தள்ளிப்போட்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் அவள் உட்கார்ந்திருந்தாள், சுமப்பதற்கு ஒன்றும் இல்லாதவள் போல, நிமிர்ந்து. எது ஹார்லி, எது மிக்தாலியா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் இத்தனை வருஷம் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

பிறகு பேரம். என் பேரம் இல்லை, அவள் பேரம். ஏற்கெனவே முடிந்திருந்தது. பெரியவருக்கு வேண்டியது என்ஜின் மட்டும்தான் என்பதை அவள் முதல் செவ்வாயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அப்பாவின் என்ஜின் கரும்புச் செக்கை ஓட்டப் போகிறது என்றதும் அதற்கு மனமாரச் சம்மதித்திருக்கிறாள். கரும்பிலிருந்து வந்தது கரும்புக்கே போகிறதாம். ஆகவே என்ஜின் அவருக்கு. டயர் இரண்டும் வீட்டுக்கு. பன்றிக்குட்டி வீட்டுக்கு. சைடுகார் வீட்டுக்கு. ஒனேலியோ அதை ரஷ்யனிலிருந்து கழற்றி உருட்டிக்கொண்டு வந்தான். நான்கே போல்ட்டில் ஹார்லியின் பக்கத்தில் மாட்டினான். மாட்டிய இரும்புகளைப் பார்த்தேன். எங்கள் கட்டிலின் கால்கள்.

“மிக்தா, யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“முட்ட நொரை அடிக்கிற மாதிரிதான். கையே சொல்லும்.”

“யாருன்னு கேட்டேன்!”

“என் ராசா, ஏறு. மூணு மணிக்குக் கல்யாணம்.”

“எங்க ஏறுறது? சீட்டு ஒண்ணுதான் இருக்கு. சைடுகார்ல கேக் உக்காரணுமே.”

“சைடுகார்ல நீ. உன் மடியில கேக்.”

அப்போதுதான் எவேலியோ பெரியவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். துடைத்தும் போகவில்லை. வெள்ளை மீசையின் ஓரத்தில் ஒரு நீலம். கடலுக்கே பொறாமை வரும் நீலம். ஊரில் ஒரே ஒரு சமையலறையில் மட்டும் வருகிற நீலம்.

பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். சொல்லவில்லை.

பெரியவரே, ஆறு வாரம் செவ்வாயும் வியாழனும் என் வீட்டுக் கேக்கைத் தின்றுவிட்டு, “பழகிக்க வா” என்று என்னிடமும் ஒரு தடவை சொன்னேன் என்று இப்போது ஊரெல்லாம் நியாயம் பேசுகிறாய். ஒரு தடவை சொன்னால் போதுமா? மூன்று தடவை சொல்வதுதானே உங்கள் வழக்கம்? அன்று முதல் ஒவ்வொரு நாள் காலையும் பின்கட்டில் அவள் பார்க்காதபோது உதைக்கிறேன். பன்றிக்குட்டி பார்க்கிறது. வண்டி பிடிக்கவில்லை. அவள் வந்து இரண்டு விரலால் கைப்பிடியைத் திருப்பிவிட்டுப் போகிறாள், பிடிக்கிறது. பிறகு சைடுகாரில் ஏறுகிறேன். பள்ளம் வந்தால் அவள் தோளில் அழுத்த விரலை நீட்டுகிறேன். எட்டவில்லை. கத்துகிறேன். அந்த மகத்தான சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

செய்த தப்பை நீயே வந்து சரிசெய். செவ்வாய் வருகிறேன், வியாழனும் வருகிறேன். அந்த உதையை எனக்கும் சொல்லிக் கொடு. உன் இருமல் அதற்குக்கூட விடவில்லை என்றால், உன் மாணவியிடமாவது ஒரு வார்த்தை சொல். திருப்பத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல். ஐந்தடுக்கும் என் மடியில் இருக்கிறது.